எழுபதில் வைத்தால் நூறு

செய்தி வந்தபோது ராகலையில் ஒரு வீட்டு வாசலில் இரும்புக் கேட்டுக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். "ஒங்கண்ணன் போயிட்டாரு தம்பி" என்று இருதயண்ணனின் மனைவி போனில் கதறினார். ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கூடப்பிறந்தவன் செத்திருந்தால்கூட அப்படி உடைந்திருப்பேனா, தெரியாது.

ஹட்டனில் வெல்டிங் பட்டறையை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய தொழில் சுத்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மழைக் காலத்தில் வெல்டிங் ரொட் பெட்டி அவர் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும். "பனி குடிச்ச ரொட்டுல ஒட்டுனா மேலுக்கு மினுக்கும்டா, உள்ளுக்குள்ள பூரா ஓட்ட" என்பார். ஒருமுறை தேயிலைத் தொழிற்சாலைப் படிக்கட்டில் தாம் பற்றவைத்த ஒட்டின் மீதே சந்தேகப்பட்டு, சுத்தியலால் தட்டி உடைத்தார். தோட்ட மேலாளரான பெரியதுரை கத்தினார். "ஆளுங்க ஏறுற படிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தார்.

எனக்கோ மெல்லிய குழாயைத் தொட்டாலே ஓட்டைதான். அவர் சொன்னபடியே மெல்லிய ரொட்டை மாட்டி, மெசினின் குமிழை எழுபது ஆம்பியரில் வைப்பேன். தொட்டதும் குழாய் உருகி வழியும். "எனக்குக் கை பேசும்டா. ஒனக்குக் கை இல்ல, நம்பரப் பாத்து செய்" என்று சிரித்தபடி என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார். அவர் குமிழைத் தொட்டாரா என்று நான் கவனித்ததே இல்லை. கரண்டைக் குறைக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "கொறச்சா ஒட்டாது. கேட்டு கழண்டு எவன் தலையிலயாவது விழும், பாத்துக்க" என்றார். பயந்துபோனேன். கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு அறுக்கவும் பெயின்ட் அடிக்கவும் மட்டுமே ஆனேன். பெண்டாட்டி வீட்டாரிடம் 'வெல்டர்' என்று சொல்லிக்கொள்ள நாக்குக் கூசியது.

கல்லறைக்கு இரும்புச் சிலுவையை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். எழுபதில் வைத்தேன். அதே ஓட்டை. அழுகையும் ஆத்திரமுமாக நின்றபோது, பக்கத்துக் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற விஜி வந்து, கரண்ட் அளக்கும் மீட்டரைக் கேபிளில் மாட்டி இன்னொரு தடவை பற்றவைக்கச் சொன்னான்.

"அண்ணே, எழுபதுல வச்சா நூறு ஓடுதே!"

குமிழைக் கழற்றினோம். சரியான இடத்தை விட்டுத் தள்ளித் திருப்பி, பசை போட்டு ஒட்டியிருந்தது. தானாக நழுவிய வேலை இல்லை அது.

மதினியிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"மெசின் வாங்குன புதுசுலயே செஞ்சாரு தம்பி. 'தாசு கை என் கையவிட நல்ல கை. படிஞ்சிருச்சுன்னா தனியாப் பட்டற போட்ருவான், அப்புறம் என்னைய எவன் தேடுவான்'னாரு. நானும் சண்ட போட்டுப் பாத்தேன், கேக்கல."

நல்ல கையாம்! அதை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லியிருந்தால் சாகும்வரை அவர் காலடியில் கிடந்திருப்பேனே. பாவி மனுசன்.

சிலுவையை முடித்து நட்டுவிட்டேன். ஒட்டு ஒவ்வொன்றும் சுத்தம். போய்ப் பாருங்கள். மன்னித்துவிடு என்கிறார் ஃபாதர். முதலில் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டாமா? அதற்கும் வழியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான், வேண்டாமென்றாலும் விட்டுப் போகமாட்டேன் என்கிறது. குமிழைச் சரியாக்கிய பிறகும், ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் கை நின்றுவிடுகிறது. "அண்ணே, சரிதானே?" என்று திரும்பிப் பார்க்கிறேன்.