நேராக நின்றவன்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பேய் பிசாசில் எனக்கு அன்றும் நம்பிக்கை கிடையாது. கோணத்தையும் தூரத்தையும் நம்பிச் சம்பளம் வாங்கியவன் நான். எழுபதுகளில், செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக் கடலுக்கும் நடுவே கிடக்கிற பாறைக் குன்றுகளை அளந்துகொண்டிருந்தோம், வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தைச் சரிபார்த்துப் புதிதாக வரைவதற்கு. ஒரு குன்றில் நான் கோணம் அளக்கும் தியோடலைட்டோடு நிற்பேன், எதிர்க்குன்றின் உச்சியில் எங்கள் கொடிக்காரர் காசிம் பாய் கொடி பிடித்து நிற்பார். அந்தப் பழைய கருவிக்குள் பார்த்தால் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும், மலை, மரம், மனுஷன், எல்லாம். எங்களுக்குப் பழகிவிட்டது.

"தலைகீழா தொங்குறேன்னு சொல்றியே சார், என் லுங்கி இன்னா ஆவும்?" என்று சிரித்தபடிதான் அன்று மத்தியானம் ஏறினார். கோவளத்தில் அவர் மனைவிக்கு நிறைமாதம். மழைக்கு முன்னால் முடித்துவிட்டு ஓட வேண்டும் அவருக்கு.

கடலிலிருந்து மேகம் ஈரச் சாக்கு மாதிரி வந்து கவிந்தது, வெளிச்சம் சாம்பலாகிவிட்டது, நான் கருவியில் கண்ணை வைத்தேன். பாய் தலைகீழாகத் தொங்கினார். பக்கத்தில் இன்னொரு ஆள். நம்பினால் நம்புங்கள், அவன் மட்டும் நேராக நின்றான். தலை மேலே பாறையைத் தொட, காலுக்குக் கீழே வெறும் வானம்.

வெறுங்கண்ணால் பார்த்தேன், பாய் மட்டும். மறுபடி கருவிக்குள் பார்த்தேன், இரண்டு பேர். பாய் கொடியோடு பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார், பின்னால் பாறை முடிந்து பள்ளம். சிவப்புத் துணியை எடுத்து இரண்டு கையாலும் வீசினேன், உட்கார் என்று அர்த்தம். விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார்.

இறங்கி வந்தவருக்கு உதடு வெளுத்திருந்தது.

"இன்னா சார் பேஜாரு பண்ற? நீ உக்காருன்ற, உன் பக்கத்துல கீறவன் பின்னால போ, பின்னால போன்றான். யார் பேச்ச கேக்கறது?"

"என் பக்கத்துல யாருமில்ல பாய்."

"தமாசு பண்ணாத சார். தலைகீழா நின்னுகினு காலால கொடி ஆட்னானே!"

கொடியைச் சுருட்டி என் கையில் திணித்தார். மழையில் நனைந்துகொண்டே கோவளம் பஸ்ஸைப் பிடித்தார். பெண் பிறந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

எவர்சில்வர் கரண்டியின் குழிவில் முகம் தலைகீழாகத் தெரியும், கவனித்திருப்பீர்கள். என் முகம் அப்படித் தெரிவதில் எனக்குப் பயமில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் என்ன தெரிகிறது என்று பார்ப்பதற்குள் அதைக் கவிழ்த்துவிடுகிறேன், இன்றைக்கும்.