மதிலுக்கு விட்ட தண்ணீர்

எனக்கு மதில் கட்டத் தெரியும் என்று நான் சொன்னது முழுப் பொய்யல்ல. ஊரில், எங்கள் தீவில், மூன்று வருடம் மேசன்மாரோடு வேலைக்குப் போனவன். சாந்து குழைப்பேன், கல் அடுக்குவேன், தூக்குக்குண்டு பிடிப்பேன். தீவில் கட்டத் தெரிந்தவனுக்கு எங்கேயும் கட்டத் தெரியும் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் கெட்டித்தனம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலெர்மோ நகரத்தில், சீசா என்ற பகுதியில், நாலாம் மாடியில் ஓர் அறையில் நானும் மனைவியும் இருந்தோம். நான் வீடுகளில் துப்புரவு வேலை. அவள் அந்த ஊர்ச் சின்யோரா ஒருத்தியின் வீட்டில் சமைத்தாள். கலியாணமாகி ஐந்து வருடத்தில் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. முதலாவதுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். இரண்டாவதுக்கு இருவரும் பெல்லெக்ரினோ மலையில் வெறுங்காலோடு ஏறினோம். மூன்றாவது தங்கியபோது இனி மாதாவிடம் என்ன கொடுத்துக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்கிற விருப்பமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

பாரம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது என்றார் டொக்டர். வேலை போயிற்று. நாலு மாடிப் படியோடு அவளை அந்த அறையில் பகல் முழுக்கத் தனியே விட எனக்கு மனமில்லை. எங்கள் பங்குச் சுவாமிதான் வழி சொன்னார். மதோனியே மலையில் கன்னியாஸ்திரிகளுக்கு ஓர் ஓய்வு மடம் இருந்தது, பலெர்மோவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பிள்ளை பிறக்கும்வரை அவள் அங்கே இருக்கலாம். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு பெட்டியோடு கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அவள் என்னை மடத்துச் சமையல் குசினிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். சரிவான தோட்டம். மேட்டைத் தாங்கி நின்ற பழைய மதில் இடிந்து, மண் வழுக்கி வந்து கோவாப் பாத்திகளை மூடிக் கிடந்தது.

"மாதாவின்ரை தோட்டத்துக்கு மதில் கட்டித் தாறம் எண்டு நேர்ந்திட்டன்," என்றாள்.

"என்னைக் கேக்காமலோ?"

"உங்களைக் கேட்டா மெழுகுதிரி போதும் எண்டுவியள். மெழுகுதிரி உருகிப்போகும். இது நிக்கும். மதில் நிண்டா பிள்ளையும் நிக்கும்."

கட்டுகிறேன் என்றேன். மூத்த கன்னியாஸ்திரி ஞாயிற்றுக்கிழமையில் வேலையா என்று முகம் சுளித்தார். மாதாவுக்கு நேர்ந்தது என்றதும் சீமெந்தும் மணலும் வரவழைத்தார். கல் அங்கேயே கிடந்தது.

சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் போய், ஞாயிறு பூசை முடிந்ததும் வேலையில் இறங்குவேன். எங்கள் தீவில் ஒரு சாண் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். அதற்குமேல் தோண்டிப் பழக்கமில்லை. இங்கே பாறை வரவில்லை, கெட்டியான களிமண்தான் வந்தது. இது போதும் என்று அதன்மேல் அத்திவாரம் போட்டேன். மதிலில் ஓர் ஓட்டைகூட விடவில்லை, ஊரில் ஓட்டை விட்டால் பாம்பு குடியிருக்கும். இடுப்பளவு உயரம், பதினைந்து காலடி நீளம். நவம்பர் நடுவில் கடைசிக் கல்லை வைத்தபோது கன்னியாஸ்திரிகள் கைதட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஊரில் மேசனுடைய வேலை அங்கே முடிந்துவிடும், வீட்டுக்காரர் வேலை தொடங்கும். புதுச் சாந்து வெயிலில் காய்ந்தால் வெடிக்கும். அதனால் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி நனைத்து வைப்பார்கள். அதை ஊரில் பெரும்பாலும் பெண்கள்தான் செய்வார்கள். நான் மனைவியிடம் சொன்னேன்:

"பின்னேரங்களிலை தண்ணி விடும். சின்னப் பூவாளியாலை. ஒரு நாளும் காயவிடாதையும், என்ன?"

"ஓம், ஓம். எனக்குத் தெரியாதோ?"

அவளுக்குச் சந்தோஷம். சும்மா படுத்திருந்தவளுக்கு நேர்த்தியில் தன் பங்கும் கிடைத்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது வியா மக்வேதா வீதியில் ஒரு டெலிபோன் பெட்டிக்குள் நின்று மடத்துக்கு எடுப்பேன்.

"இண்டைக்கும் விட்டனான். மதில் நல்லாக் குடிக்குது," என்பாள். ஒருநாள், "கை விறைக்குது," என்றாள்.

நான் சிரித்தேன். கையுறை போடும் என்றேன். மடையன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு பூசைக்கு முன்பே தோட்டத்துக்குப் போனேன். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. மதில் நடுவில் வயிறு தள்ளி நின்றது. இடுக்குகளில் ஊசி ஊசியாக ஐஸ். சாந்தில் விரலை வைத்தேன், பிட்டு மாதிரி உதிர்ந்தது. ஒரு மூலையில் கல்லே பிதுங்கி விழுந்திருந்தது.

மடத்துக்கு விறகு இறக்க வந்த ஒரு மலையூர்க்காரன், என் வயதுதான் இருக்கும், பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். பூட்சால் மதிலின் அடியைத் தட்டினான்.

"இது யார் கட்டியது?"

"நான்தான். போன மாதம்."

"நவம்பரிலா? இங்கே செப்டெம்பருக்குப் பிறகு ஒருவனும் சாந்தைத் தொடமாட்டான்."

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். அத்திவாரம் முழங்கால் ஆழம் போகவேண்டும், பனி இறங்காத மண் வரைக்கும். மதிலுக்குப் பின்னால் சரளைக்கல் கொட்டவேண்டும், தண்ணீர் வடிய அடியில் ஓட்டை விடவேண்டும். மேலே மழை இறங்காமல் பலகைக்கல் மூடவேண்டும். புதுச் சாந்தை வைக்கோல் போட்டுப் போர்த்தி வைக்கவேண்டும். ஈரம் இருந்தால் அது உறைந்து, வீங்கி, உள்ளேயிருந்து உடைக்கும்.

"தண்ணீர் விட்டால்?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "யார் விடுவான்?"

நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பனிக்குக் கொஞ்சம் வெடித்திருக்கிறது, வசந்தத்தில் பிரித்துக் கட்டுகிறேன், இனித் தண்ணீர் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். சாப்பிடவில்லை. நான் விழுந்த கல்லைத் திரும்பத் தூக்கி வைத்து, சாக்கால் மூடிவிட்டு பஸ் ஏறினேன். அந்த மதில் நிற்காது என்று எனக்குத் தெரியும். மற்றதைப் பற்றி நினைக்க எனக்குத் தைரியமில்லை.

செவ்வாய்க்கிழமை அவளைப் பலெர்மோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்கிடையில் எல்லாம் முடிந்திருந்தது. பெண்பிள்ளை. கூட வந்த குசினிக் கன்னியாஸ்திரி வெளியே அழுதுகொண்டு நின்றார். பூவாளிக்குள் தண்ணீர் உறையத் தொடங்கியதிலிருந்து அவள் குசினிக் குழாயில் பிடித்து வாளியில் சுமந்தாளாம், ஒரு பின்னேரத்துக்கு நாலு வாளி, ஐந்து வாளி. தடுத்தால், கணவன் சொல்லியிருக்கிறார் என்பாளாம்.

உள்ளே போனேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்லுவன். கோவிக்கக்கூடாது."

"சொல்லும்."

"ஒருநாள் நான் தண்ணி விடேல்லை. இடுப்பு நொந்தது, ஏலாமல் படுத்திட்டன். உங்களுக்கு விட்டனான் எண்டு பொய் சொல்லிப்போட்டன். அதாலைதான் மதில் வெடிச்சது. நேர்த்தியை நான்தான் முறிச்சனான்."

சொல்லியிருக்கவேண்டும். நீ தண்ணீர் விடாத அந்த ஒருநாள்தான் அந்த மதிலுக்கு நல்ல நாள், மதிலை உடைத்தது நான் சொல்லி நீ சுமந்த தண்ணீர், அத்தனை வாளியும் வீண் என்று சொல்லியிருக்கவேண்டும். பிள்ளை போனதற்கும் அந்த வாளிகள்தான் காரணமோ என்று எந்த டொக்டரிடமும் நான் கேட்டதில்லை. இந்த நிலையில் இதைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று அப்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பயம், வேறொன்றுமில்லை. அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம்.

"பரவாயில்லை," என்றேன்.

அவள் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப்பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கு முன்பும் அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறாள், அந்த ஒருநாளைச் சொல்ல. மன்னிக்கப்பட்டதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று சுவாமிமார் மாறி மாறிச் சொல்லிவிட்டார்கள். அவள் கேட்பதில்லை. வரிசையில் அவளுக்குப் பின்னால்தான் நான் நிற்பேன். என் முறை வரும்போது முழங்காலில் நின்று, கோபித்தேன், பூசைக்குப் பிந்தி வந்தேன் என்று வேறு எதையெதையோ சொல்லிவிட்டு எழுந்து வருவேன்.