ஒரு விமானம், இரண்டு ரிமோட்

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் எங்கள் கடை மேசையில் ஒரு போர் விமானத்தைப் பையோடு கவிழ்த்துக் கொட்டியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கொட்டினார் என்பது சரியான சொல்தான். பெட்டியின் படத்தில் அது ஜெட். பைக்குள் வெறும் ரிஜிபோம் துண்டுகள். மீன் பெட்டி செய்கிற அதே வெள்ளைச் சாமான்.

“தங்கச்சி, இத ஒட்டலாமா?”

“எவ்வளவு நேரம் பறந்தது அண்ணே?”

“பறக்கிறதா? எறிஞ்சன். போய்த் தென்னையில அடிச்சிது.”

மட்டக்களப்பு டவுனில் ரைஸ் குக்கர், ஃபேன், போன் சார்ஜர் விற்கும் கடை அது. பின் மூலையில் திருத்த வேலை மேசை. தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரோனிக்ஸ் முடித்துவிட்டு, குருக்கள்மடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அதில் உட்காருகிறேன். அந்த அண்ணனுடைய துண்டுகளைப் பொருத்திப் பார்த்தபோது விளங்கியது: பிழை அவருடைய கையில் இல்லை, வாங்கிய சாமானில். சைக்கிள் பழக வந்தவருக்கு யாரோ ரேஸ் மோட்டர் சைக்கிளை விற்றிருக்கிறார்கள். பழகுகிற விமானத்தை நாங்களே விற்றால் என்ன?

முதலாளி காத்தான்குடிக்காரர். ஊருக்கே ஹாஜியார்.

“புள்ள, நான் என்ன பொம்மைக் கடையா வெச்சிரிக்கன்?”

“பொம்மை இல்ல முதலாளி. பறக்கிற சாமான்.”

“பறந்து எங்க வாற? உடைஞ்சி நம்மட கடைக்குத்தானே வாற.”

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். “கண்ணாடி அலுமாரில ஒரு தட்டுத் தாறன். ரெண்டு செட் எடு. பெருநாளைக்குள்ள ஒண்டு வித்து, வாங்கின ஆள் அதத் திருப்பிக் கொண்டு வராட்டி, தட்டு ஒனக்கு. கொண்டு வந்தா ரைஸ் குக்கருக்கு.”

விற்பது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. திரும்பி வராமல் இருப்பதுதான் சிக்கல்.

நான் எடுத்த செட்

வாங்கப் போகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இறக்கை உடலுக்கு மேலே இருக்கவேண்டும்; அப்படியானது சரிந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும். மெதுவாகப் பறக்கவேண்டும். உடைந்தால் ஒட்டக்கூடிய ரிஜிபோமாக இருக்கவேண்டும். உடையும், அதில் சந்தேகம் வேண்டாம். ரிமோட்டில் இடக்கைக் குச்சிக்கு வேகம், வலக்கைக் குச்சிக்குத் திருப்பம். இதை மாற்றி வைத்த ரிமோட்டும் சந்தையில் உண்டு. உங்களுக்குக் காட்டித் தரப்போகிறவரிடம் எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள். பற்றரியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்; தீப்பிடிக்கக்கூடும்.

ஒரே ரக ரிமோட் இரண்டை வயரால் இணைக்கலாம் என்றும் கையேட்டில் ஒரு பக்கம் இருந்தது. ஒரு விமானத்துக்கு எதற்கு இரண்டு என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. “எவ்வளவு தூரம் போகும்?”

“கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்கு மேல போகக்கூடாது அண்ணே. போனா இடம் எது வலம் எது எண்டு விளங்காது.”

“அப்ப சைனாக்காரன் ஒரு மைல் எண்டு போட்டிரிக்கானே?”

“அவன் தேடிப் போறதில்லையே. நாமதானே போற.”

வட்டையில்

கடைசியில் வாங்கியவர் ஜோசப் அண்ணன். வாவியில் சுற்றுலாக்காரரை எஞ்சின் போட்டில் ஏற்றி ஓட்டுகிறவர்.

“கடையில ஆம்புளையாள் ஒருத்தரும் இல்லையா தங்கச்சி?”

“இருக்கிறார். காஸ் அடுப்பு விக்கிறவர். கூப்பிடவா?”

“வேணாம், நீங்களே சொல்லுங்க. எனக்குப் பெரிசாச் சொல்லவும் தேவல்ல. எஞ்சின் போட்டு ஓட்டுறவனுக்கு இது என்னத்துக்குக் காணும்?”

டவுனில் விமான ஓடுதளம் இருக்கிறது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. பறக்கவிட அனுமதி எடுத்துக்கொண்டு, வாவிக்கு மேற்கே அறுவடை முடிந்த ஒரு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒட்டை, அறுத்த நெல்லின் அடித்தாள்; ஒரு பக்கம் தண்ணீர்.

நான் எறிந்தேன். ஜோசப் அண்ணன் ஓட்டினார். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. குச்சியை வலப்பக்கம் தள்ளவேண்டும். அவர் இடப்பக்கம் தள்ளினார். அது இன்னும் சாய்ந்து வரப்பில் மூக்கைக் குத்தியது.

“காத்து,” என்றார்.

ஒட்டினோம். இரண்டாவது தடவை காற்றே இல்லை. அதே பக்கம், அதே வரப்பு.

“தங்கச்சி, சாமான் பிழை. நாளைக்குக் கடைக்குக் கொண்டு வாறன்.”

என் தட்டில் ரைஸ் குக்கர்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருவது தெரிந்தது.

“நில்லுங்க அண்ணே, நான் ஓட்டிக் காட்டுறன்.”

நான் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகியவள். விமானம் நேராக ஏறியது, வடிவாகத் தூரம் போனது. “அட!” என்றார் ஜோசப் அண்ணன். அந்த அட்டகாசத்தில் அதைத் திருப்பினேன். இப்போது மூக்கு எங்களைப் பார்த்து வந்தது. மூக்கு நம்மைப் பார்த்தால் அதன் இடம் நமக்கு வலம். கம்ப்யூட்டரில் இந்த இடம் வந்ததும் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். வட்டையில் அப்படியொரு பட்டன் இல்லை.

“தங்கச்சி, அங்கால தண்ணி!”

“தெரியும்!”

“தெரிஞ்சா ஏன் அங்க போறீங்க? தாங்க இஞ்ச!”

ரிமோட்டைப் பறித்தார். விமானம் தண்ணீரை விட்டு விலகி, எங்களை நோக்கி வந்து, ஒட்டைக்கு மேல் வயிறு தேய இறங்கி நின்றது.

“எப்பிடி அண்ணே?”

“எப்பிடி எண்டா? போட்டுத் திருப்புற மாதிரித்தான்.”

அப்போதுதான் விளங்கியது. எஞ்சின் போட்டில் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். அவருடைய கை வாழ்நாள் முழுக்க மாறித்தான் ஓட்டியிருக்கிறது. தூரப் போகிற விமானத்துக்கு அது பிழை. திரும்பி வருகிற விமானத்துக்கு அதுவே சரி. எனக்குப் போகத் தெரியும், வரத் தெரியாது. அவருக்கு வரத் தெரியும், போகத் தெரியாது.

“அப்ப நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆள்,” என்றார். “ஒரு ஆளுக்கு ஒரு பிளேன். கணக்குச் சரி.”

இன்னும் மூன்று முறை பார்த்தோம். மாறவே இல்லை. ஆனால் ரிமோட்டைக் கைமாற்றுகிற நேரத்தில் ஒரு தடவை கீழே விழப் பார்த்தது. அன்று வீட்டுக்குப் போய் அந்தக் கையேட்டில் புரட்டிவிட்ட பக்கத்தை எடுத்தேன்.

ஹாஜியார் வந்தார்

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்மா முடித்துக்கொண்டு முதலாளி குடையோடு வட்டைக்கு வந்தார். மற்ற செட்டின் ரிமோட்டையும் எடுத்துப்போய் இரண்டையும் வயரால் இணைத்திருந்தேன். என் ரிமோட்டில் ஒரு சின்னச் சுவிட்ச். அதை இழுத்துப் பிடித்தால் ஓட்டம் ஜோசப் அண்ணன் கைக்குப் போகும், விட்டால் என் கைக்கு வரும்.

ஏற்றினேன். தூரம் கொண்டு போனேன். திருப்பிவிட்டு, “இந்தாங்க அண்ணே!” என்று சுவிட்சைப் பிடித்தேன். அவர் கொண்டுவந்து ஹாஜியாரின் செருப்புக்கு அருகில் இறக்கினார்.

“இது என்னகா, ஒரு பிளேனுக்கு ரெண்டு ஓட்டி?”

“பெரிய பிளேன்லயும் ரெண்டு பேர்தானே ஹாஜியார் இருக்காங்க,” என்றார் ஜோசப் அண்ணன்.

ஹாஜியார் வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வியாபாரம் யோசிக்கும்போது குடையின் பிடி தானாகச் சுழலும்.

“அப்ப வாங்குற ஆள் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ரிமோட் விக்கலாம் எண்டு சொல்ற?”

“அப்பிடியும் சொல்லலாம் முதலாளி.”

“நீங்க இதத் திருப்பித் தாறதா ஜோசப்பு?”

“இதையா? அதையும் சேத்துத் தாங்க,” என்று ஜோசப் அண்ணன் மற்ற ரிமோட்டைக் காட்டினார்.

தட்டு எனக்குக் கிடைத்தது. ரைஸ் குக்கர் கீழ்த் தட்டுக்கு இறங்கியது. இப்போது யாராவது வந்து எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், அதை விடுங்கள், இன்னொரு ரிமோட்டோடு சேருமா என்று கேளுங்கள் என்கிறேன். முதல் விமானத்தைத் தனியாகப் பழக நினைக்காதீர்கள். உங்களுக்கு வராதது பக்கத்தில் நிற்பவருக்கு வரும். அவர் எவ்வளவு பெருமையடித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு மாற்றிச் செய்வதாக இருக்கிறோம். ஜோசப் அண்ணன் ஏற்றுவார், நான் இறக்குவேன். அதற்கு முன் சனிக்கிழமை அவருடைய போட்டில் பின்பக்கம் உட்கார்ந்து எஞ்சின் பிடியை நான் பிடிக்கப்போகிறேன், கையை மாற்றிப் பழக்க.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். “கரையில முட்டினீங்க எண்டா, உடைஞ்ச போட்ட உங்கட கடைக்குத்தான் கொண்டு வருவன். ஹாஜியார் அதுக்கும் ஒரு தட்டுத் தரட்டும்.”