நான் மறைத்துவைத்த திரை

பேச முடியாத என் மனைவியிடமிருந்து ஒரு வாக்கியத்தை நான் பறித்தேன். "தங்கச்சி வீட்டுக்குப் போகணும்" என்பது அந்த வாக்கியம். அதை அவள் செல்போனைத் தொட்டுத்தான் சொல்வாள். ஒரு மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்த வாக்கியம் இருந்த திரையை மறைத்துவிட்டேன். கோபத்தில் செய்ததல்ல. நிதானமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தேன்.

அதற்கு முந்தின வருடம் பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கையும் பேச்சும் போயிருந்தன. வலப்பக்கம் பார்வையும் மங்கிவிட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாய் திறப்பாள், காற்று மட்டும் வரும். எங்கள் ஒரே மகள் நகரத்தின் மறுகோடியில், ஐரோலியில் மொபைல் ஆப் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து அம்மாவுக்கென்று ஒரு ஆப் செய்துகொண்டு வந்தாள். விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொரு திரையாக நகர்ந்து வரும். முதல் திரையில் மனிதர்கள். தள்ளினால் சாப்பாடு. அடுத்தது வெளியே போவது. அதற்கடுத்தது உடம்பு. கடைசியில் பாட்டு, டி.வி., சாமி. ஒவ்வொரு திரையிலும் சில படங்கள். தொட்டால் போன் பேசும். பேசுவது மகளின் குரல்.

அப்படித்தான் என் மனைவி எங்கள் மகளின் குரலில் பேசத் தொடங்கினாள். மாடுங்காவில் எங்கள் வீட்டு மதியங்கள் அமைதியானவை. ஜன்னலுக்கு வெளியே மரம். அதன் நிழல் சுவரில் தண்ணீர்போல் அசையும். நான் அரைத் தூக்கத்தில் இருப்பேன். பக்கத்திலிருந்து "மோர் வேணும்" என்று கேட்கும். மகள் சின்னப் பெண்ணாகி, பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள் என்று தோன்றும். கண்ணைத் திறந்தால் நரைத்த தலையோடு மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எது கனவு, எது விழிப்பு என்று பிரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

"இந்தத் திரையெல்லாம் உள்ளே எங்கே இருக்கும்மா?" என்று மகளிடம் ஒருமுறை கேட்டேன்.

"எல்லாம் எப்பவும் இருக்காதுப்பா. இப்ப பாக்கறது ஒண்ணு, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. அவ்வளவுதான். மத்தது நீங்க கிட்ட போகும்போதுதான் உருவாகும்."

அது என் மனதில் தங்கிவிட்டது. நாம் நெருங்கினால் மட்டும் பிறந்து, விலகினால் கரைந்துபோகும் அறைகள் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். திரையின் தலைப்பை அழுத்திப் பிடித்தால் அதை மறைக்கலாம் என்பதையும் மகள் அன்றே காட்டினாள். பிற்பாடு ஏதாவது தேவையில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றுதான் காட்டினாள்.

மனைவி பிறந்து வளர்ந்தது தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். டாக்சியில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் தூரம். மனைவி தினமும் அந்தப் படத்தைத் தொட்டாள். தினமும் நான் "நாளைக்குப் போலாம்" என்றேன். முழங்கால் வலி, மழை, டாக்சிக்காரன் அந்தச் சந்துக்குள் வரமாட்டான் என்று காரணம் வைத்திருந்தேன். எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையான காரணம் வேறு. அந்த வீட்டில் அவள் சிரிப்பாள். நான் புரிந்துகொள்ளாத ஏதோ ஒன்றுக்கு அக்காவும் தங்கையும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். வாய் போன பிறகும் அவள் அங்கே சிரித்தாள். ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் டீ கிளாஸோடு, விருந்தாளியாக நான் உட்கார்ந்திருப்பேன். இவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைப்பவன் நான். சிரிப்பு மட்டும் அங்கேயா என்று இருக்கும். இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மறைத்த அன்று அவள் விழித்து, போனை எடுத்துத் தள்ளினாள். சாப்பாட்டுக்கு அடுத்து உடம்பு வந்தது. திரும்பத் தள்ளினாள். முன்னுக்கும் பின்னுக்கும் பலமுறை தள்ளிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பேப்பர் படித்தேன்.

சில நாள் தேடினாள். அப்புறம் விட்டுவிட்டாள். வீடு அமைதியானது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலையிலிருந்து அவள் "பாட்டு போடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போட்டேன். மறுபடியும் "பாட்டு போடு." சத்தத்தைக் கூட்டினேன். வேறு பாட்டு மாற்றினேன். தலையை ஆட்டினாள், பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பழைய பாட்டாகத் தேடினேன். சாம்பல் வெளிச்சத்தில், மழையும் பாட்டுமாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி வீட்டை மறந்து என்னோடு பாட்டுக் கேட்கிறாள் என்று மகிழ்ந்தேன். மறுநாளும் அப்படியே. மறுநாள் சாயங்காலம் அவள் கை கொதித்தது.

செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சிறுநீரில் தொற்று, சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. இத்தனை வலியை எப்படிச் சொல்லாமல் இருந்தார் என்று டாக்டர் கேட்டார்.

மகள் ஓடி வந்தாள். அம்மாவின் போனை வாங்கித் தள்ளிப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, ஒரு ஸ்க்ரீன் காணோம்."

"கை கிய் பட்டிருக்கும்."

"அம்மா படத்தைப் பாத்துத் தொடறதில்லப்பா. பாதிக் கண்ணு தெரியலை. எத்தனை தடவை தள்ளணும்னு கட்டைவிரலுக்குப் பழக்கம். நடுவுல ஒண்ணு போனதும் எல்லாம் ஒரு இடம் முன்னாடி வந்துடுச்சு. உடம்புன்னு நினைச்சு அடுத்ததுல போய் நின்னிருக்கா. தப்பா வருதுன்னு தெரிஞ்சாலும், அந்த வலியில விரலுக்கு மறுபடியும் அதே எண்ணிக்கைதான் வந்திருக்கும். இங்க 'வலிக்குது' இருக்கே, அதே மூலையிலதான் அங்க 'பாட்டு போடு' இருக்கு."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

"அம்மாவால மறைக்க முடியாது," என்றாள். "நான் எழுதின கோட்லதான் எங்கேயோ தப்பு."

என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்றும் மறுநாளும் கேன்டீன் மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, இல்லாத தப்பைத் தேடினாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. தனக்குள் ஹிந்தியில் திட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரைத் திட்டறே?"

"வேற யாரை? என்னையேதான். அம்மாவுக்குன்னு செஞ்சு அம்மாவையே..." முடிக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் தப்பு இல்லம்மா. நான்தான் மறைச்சேன்."

அவள் லேப்டாப்பை மூடினாள். "எதுக்குப்பா?"

"தினமும் கேட்டுக்கிட்டே இருந்தா."

"கேக்கறதுக்குத்தாம்ப்பா அதைச் செஞ்சேன்."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். போகும்போது, "அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அன்று மதியம் சொன்னேன். மனைவிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. நான் செய்ததையும், ஏன் செய்தேன் என்பதையும், மகளிடம் பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தச் சிரிப்பைப் பற்றியும் சொன்னேன். அவள் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டாள். திரைச்சீலை உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடித்தது எப்போது, அவள் தூங்கிப்போனது எப்போது என்று தெரியவில்லை. கேட்டாளா, நானே கனவில் பேசினேனா என்றுகூட ஒரு கணம் குழம்பினேன்.

மகள் ஆப்பை மாற்றினாள். இப்போது இடது ஓரத்தில், நல்ல கண்ணுக்குத் தெரியும் பக்கமாக, ஐந்து பெரிய படங்கள். எந்தப் படத்தைத் தொட்டாலும் அந்தத் திரை நேராக வரும். தள்ளிக்கொண்டு போக வேண்டாம். "இனிமே எத்தனாவதுன்னு கணக்கே கிடையாது," என்று அம்மாவிடம் விளக்கினாள். "ஒவ்வொரு திரைக்கும் தனிப் பேர் வெச்சுட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா அதுதான் வரும். நடுவுல யாரைத் தூக்கினாலும் மத்தவங்க இடம் மாற மாட்டாங்க." மறைக்கும் வசதியையே எடுத்துவிட்டாள். அதை அவள் சொல்லவில்லை. நானே தலைப்பை அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏன் அழுத்திப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மனைவி போனை எடுத்தாள். ஓரத்துப் படத்தைத் தொட்டாள், வந்த திரையில் இன்னொரு படத்தைத் தொட்டாள். "தங்கச்சி வீட்டுக்குப் போகணும்."

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து டாக்சியை நேராகத் தாராவிக்கு விடச் சொன்னேன். சந்து முனையில் தங்கையின் மகன்கள் இருவரும் நாற்காலியோடு நின்றார்கள். பெரியம்மாவை அதில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"வாங்க அத்தான். மாடுங்காவுல இருந்து இங்க வர விசா கிடைச்சுட்டாக்கும்?"

அவளிடமும் சொன்னேன். சொல்லாமல் அந்த வீட்டுப் படியில் கால் வைக்க முடியவில்லை. அவள் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"இம்புட்டு வருசமா நீங்க பேசுனதத்தான அவ கேட்டுட்டு இருந்தா. கடைசியில அவ பேசுறதுக்கு இருந்த ஒரு ஓட்டையையும் அடைச்சுட்டீயளே அத்தான்."

பிறகு உள்ளே போய் டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மனைவி தங்கையின் தோளில் சாய்ந்திருந்தாள். அன்று அவர்கள் சிரிக்கவில்லை.

மழை முடியும்வரை அவள் அங்கேயே இருந்தாள். நான் தினமும் போய் வந்தேன். பிறகு அவளே கேட்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. எப்போது என்பதை அவள் சொல்வாள். நான் டாக்சி கூப்பிடுவேன். மோர் கேட்கிறாள், ஜன்னலை மூடச் சொல்கிறாள், கால் பிடித்துவிடச் சொல்கிறாள். என்மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் போனை என் கையில் கொடுப்பதில்லை. நான் பக்கத்தில் போனால் இடது உள்ளங்கை அதன்மேல் வந்து மூடிக்கொள்ளும். சார்ஜ் போட எதிர்வீட்டு அம்மாள்தான் வரவேண்டும்.

போன வாரம் ஒரு மதியம் போன் அணைந்துபோனது. எதிர்வீட்டு அம்மாள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்க் கையை நீட்டினேன். மனைவி என்னைப் பார்த்தாள். கோபமில்லை, பயமுமில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சார்ஜரை மேஜையில் வைத்துவிட்டு வாசல் கதவைத் திறந்துவைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாடிப்படியில் அந்த அம்மாளின் செருப்புச் சத்தம் கேட்க இருவரும் காத்திருந்தோம்.