சரக்குத் தங்காத கடை

இஞ்ஞாசி தன் மச்சானுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அந்தக் கடன் தீர்ந்து முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு அவர் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கையில் முதலில் படியேறுகிறவர் யாரானாலும், அந்தக் கடன் கதையைக் கேட்டு முடித்த பிறகுதான் செல்போன் பார்க்க முடியும். "பன்னிரண்டாயிரம் ரூவா கடனோட இந்தக் குழித்துறையில பஸ்ஸ விட்டு எறங்கினவன் நான். படிப்பு அஞ்சாங்கிளாஸு. இப்பம் பாரும், நாலு ஷட்டர். ஒண்ணுகூட வாடகைக்கு இல்ல. எல்லாம் எனக்க பேருல."

அறுபத்தாறு வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதன் பையில் மூன்று செல்போன்கள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிக்க அவருக்கு ஒரு பகல் வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் ஒரு செல்போனை வைத்தால், கனத்தை வைத்தே எந்த மாடல், எந்த வருடம், புதிதாக வந்தபோது என்ன விலை என்று சொல்லிவிடுவார். கம்பெனி ஏஜெண்டுகள் சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். வாடிக்கைக்காரர்களின் நம்பரை எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. "நானூறு பேருக்க நம்பர் எனக்க மண்டைக்குள்ள கெடக்கு. எந்தக் கள்ளன் வந்து எடுக்கப் போறான்?"

இப்படிப்பட்ட மனிதருக்கு எதிர்வரிசையில் ஆறடி அகலக் கடை ஒன்று கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. செல்போன் பழுது பார்க்கும் ஜெஸ்மியின் கடை. முப்பத்துநாலு வயது, டிப்ளமோ படித்தவள். புருஷன் ஷைஜுவுக்கு கத்தாரில் வேலை. தூசி ஆகாது என்று வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்வாள். அதுவே இஞ்ஞாசிக்கு வசதியாகப் போயிற்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே செருப்பை எண்ணிவிடலாம். பதினொரு மணிக்கு ஏழு ஜோடி, சாயா குடித்துவிட்டுப் பார்த்தால் ஒன்பது. தன் கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அன்று சாயங்காலம் அவரைக் கேட்டால் தெரியாது. அவள் கடைக்குக் கேட்டால் தெரியும்.

அவள் வாசலில் ஒரு குழல்விளக்கு போட்டால் இவர் நாலு போடுவார். அவள் செல்போனின் உள்ளுறுப்பைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப் வாங்கின வாரம், இவர் கடைக்குள் ஐம்பத்தைந்து இஞ்சு டிவி வந்து உட்கார்ந்தது. எதற்கென்று கேட்டதற்கு, "கெடக்கட்டு, கடைக்கு ஒரு லெச்சணம்," என்றார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவருடைய சொந்த மனைவி லூர்தம்மாள் உடைந்த செல்போனுக்கு ஜெஸ்மியிடம் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்ததுதான். "நீரு புதுசு வாங்கச் சொல்லுவீரு. அவ இருநூத்தம்பதுல காரியத்த முடிச்சுத் தந்தா," என்றாள் அம்மாள். இஞ்ஞாசி இரண்டு நாள் மீன்கறி தொடவில்லை.

அந்த லூர்தம்மாள்தான் ஒரு நண்பகலில் சோற்றுப் பாத்திரத்தோடு செய்தியையும் கொண்டுவந்தாள். நாகர்கோவிலில் ஒரு கம்பெனி ஜெஸ்மியிடம் அறுபது செல்போன் கேட்டிருக்கிறதாம்.

"அறுபதா? அவ கடையில புதுசு ஒண்ணு உண்டுமா?"

"புதுசு வேண்டாமாம். பழசுதான் வேணுமாம். ஒரே மாடலு, ஒம்பது வருசத்துக்கு முந்தினது."

"எந்தப் பைத்தியாரன் கம்பெனிட்டி அது?"

பைத்தியக்காரக் கம்பெனியாக இருந்தாலும் அறுபது அறுபதுதான். பெரிய கல்யாணத்துக்குக்கூட ஒரே வீட்டில் ஐந்து செல்போனுக்கு மேல் விற்றதில்லை இஞ்ஞாசி. மறுநாளே புத்தம்புதிய செல்போன்கள் நான்கைப் பையில் போட்டுக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினார். கம்பெனிக்காரன் நல்லதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டான். அதனால்தான் பழசு கேட்கிறான் என்பது அவர் முடிவு.

வாசல் காவலாளி அவர் சட்டைப்பையிலிருந்த மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, புதிய நான்கு செல்போன்களின் கேமராக் கண்கள்மேலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிய பிறகுதான் முன்னறையில் உட்கார வைத்தான். தகவல் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி ஆனந்தகிருஷ்ணன் வந்தார். பூதப்பாண்டிக்காரர், மெலிந்த மனிதர். இஞ்ஞாசி ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார்.

"இது மொகத்தப் பாத்தாலே தெறக்கும் சார்."

"அதுதான் வேண்டாம்ங்கேன்."

"இருட்டுல போட்டோ எடுத்தாப் பகல் மாதிரி இரிக்கும்."

"அது சுத்தமா வேண்டாம்." ஆனந்தகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். "அண்ணாச்சி, வெளிநாட்டு ஆஸ்பத்திரியளுக்குக் கணக்கு எழுதுத கம்பெனி இது. இங்க உள்ள பிள்ளையளுக்க முன்னால நாள் முழுக்க அடுத்தவன் சீக்குதான் ஓடும். யாருக்கு என்ன வியாதி, யாருக்குக் கர்ப்பம் கலஞ்சுது, எல்லாம். அதுல ஒரு போட்டோ வெளிய போனாக் கம்பெனியப் பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான். அதனால சொந்த செல்ல வாசல்ல வாங்கி வச்சுக்கிடுவோம். வீட்டுல அவசரம்னா கூப்பிடவும், கம்ப்யூட்டருக்குள்ள போவதுக்கு ரகசிய நம்பர் வரவும் உள்ள ஒரு செல்லு குடுப்போம். அந்தச் செல்லுக்குக் கண்ணு இருக்கப்படாது."

"அப்பம் புதுசுல கேமராவக் கழத்திப் போடும்."

"ஒண்ணக் கழத்தினா இன்னொண்ணு முறுக்குது. எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டில்லா வச்சிருக்கான். அந்தப் பழைய மாடல்ல கேமரா தனித் துண்டு. புடுங்கினாலும் செல்லு அது பாட்டுக்கு ஓடும். முதுகத் தெறந்து பேட்டரிய எடுத்துட்டா அது பொணம். சந்தேகமே கெடையாது. உங்க புதுசு ஆஃப் பண்ணினா நெசமாவே உறங்குதா, சும்மா கண்ண மூடிட்டுக் கெடக்கான்னு யாரு கண்டா? மாசத்துக்கொருக்கா தன்னால அப்டேட் ஆயி வேற மாறும். மாறினா நாங்க முதல்லேருந்து சோதிக்கணும். அந்தப் பழசு ஆறு வருசமா எங்களுக்கு அத்துப்படி."

இஞ்ஞாசி லேசில் விடுகிற ஆள் இல்லை. "பழசுல கள்ளன் நொழைய ஓட்டை கெடக்காதா சார்? செல்லு செஞ்ச கம்பெனிக்காரனே அத எட்டிப் பாக்கது இல்லியே."

"நல்லாக் கேட்டிய. ஓட்டைதான். வெளி நெட்டுல போட்டா ஒரு நாள் தாங்காது. அதனால நெட்டே குடுக்கது கெடையாது. பேச்சும் மெசேஜும் மட்டும். இந்தக் கட்டடத்த விட்டு வெளிய போவாது."

"எனக்க செல்லு பொன்னுபோல இரிக்கும் சார். முப்பது வருசமா இந்தத் தொழில்ல..." என்று இஞ்ஞாசி குரலை உயர்த்தவும், மேஜைமேல் கிடந்த புதுசுகளில் ஒன்று தானாக ஒளிர்ந்தது. ஒரு பெண்குரல் தெளிவாகப் பேசியது: "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை."

ஆனந்தகிருஷ்ணன் இஞ்ஞாசியைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்தார். "இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா," என்றார்.

போகிறபோது, "எங்களுக்கு வேண்டியது இதுதான்," என்று உள்ளிருந்து ஒன்றைக் கொண்டுவந்து அவர் இஞ்ஞாசியின் கையில் வைத்தார். கண் பார்க்குமுன்னே உள்ளங்கை கண்டுகொண்டது. அதே மாடலில் இருபத்திரண்டு செல்போன்கள் பெட்டி பிரிக்காமல் அவர் கடைப் பரணில், பழைய காலண்டர் கட்டுக்குப் பின்னால் ஒன்பது வருடமாகத் தூங்குகின்றன. ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு மொத்தமாக எடுத்து, அடுத்த மாதமே வேறு மாடல் வந்து விலையற்றுப்போன சரக்கு. எல்லாம் விற்றுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

"உங்க கடையில இது உண்டா?" என்று கேட்டார் ஆனந்தகிருஷ்ணன்.

"எனக்க கடையில சரக்கு தங்குமா சார்?" வாய் முந்திக்கொண்டது. பிறகு மெல்ல, "பீசுக்கு எவ்வளவு குடுக்கிய?" என்றார்.

"நாலாயிரம். கேமரா கழத்துத கூலியும் சேத்து. ஜெஸ்மிகிட்ட ஒப்பந்தம் எழுதி முடிச்சாச்சு. அடுத்த வாரம் சனிக்கிழமை அறுபதும் ஒண்ணா வந்திரணும். இல்லைன்னா திருவனந்தபுரத்துல ஆள் இருக்கு."

பஸ்ஸில் தக்கலை தாண்டும்வரை இஞ்ஞாசி ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தின சாதனம் அறுபதுக்கு இவள் எங்கே போவாள்? ஊர் வந்து சேர்ந்ததும் விடை தெரிந்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவன் செல்போன் கொண்டுவருவான். அடுத்த தடவை வரும்போது வேறொன்று கொண்டுவருவான். முந்தினதை யாரும் தூர எறிவதில்லை. அட்டைப்பெட்டி, பில்லு, சார்ஜரோடு பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் போகும். எந்த வீட்டுப் பீரோவில் எந்த மாடல் கிடக்கிறது என்பது, பத்து வருடமாக அந்த வீட்டுப் பெண்களின் செல்போனைத் திறந்து மூடுகிற ஜெஸ்மிக்கு மனப்பாடம். வீட்டுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். இஞ்ஞாசியும் பழசு வாங்கியவர்தான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் என்று வாங்கிப் போட்டதையெல்லாம் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்க்காரனுக்குக் கிலோக் கணக்கில் தூக்கிக் கொடுத்திருந்தார். அதை நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு காந்தியது.

அவள் கடையில் ஓர் ஊறுகாய் பாட்டில் வந்து உட்கார்ந்தது. செல்போன்களிலிருந்து பிடுங்கின கேமராக் கண்களை அதில் போட்டு வைத்தாள். கம்பெனிக்கு எண்ணி ஒப்படைக்க வேண்டுமாம். மிளகு அளவில் கறுப்பாக, நாளுக்கு நாள் பாட்டில் நிறைந்து வந்தது. செருப்பு எண்ணுவதை விட்டு இஞ்ஞாசி பாட்டிலைப் பார்க்கத் தொடங்கினார்.

பொறுக்கமுடியாமல்தான் அந்தப் பேச்சை அவர் கிளப்பினார். கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் தாழ்ந்த குரலில், "பழைய செல்லக் குடுத்தாச்சா மோளே? செரி, செரி. அழிச்ச போட்டோ எல்லாம் திரும்ப எடுக்கலாம், கேட்டியா. கம்பெனியில எந்தெந்தப் பயலுவளுக்க கையில போவுதோ," என்றார். ஒருத்தியிடம் சொன்னால் போதாதா? சாயங்காலத்துக்குள் நாலு தெரு சுற்றி வந்தது. கொடுத்தவர்களில் ஐந்தாறு பேர் வந்து செல்போனைத் திருப்பிக் கேட்டார்கள். தருவதாகச் சொன்னவர்கள் பீரோவைத் திறக்கவில்லை. ஜெஸ்மி ஒவ்வொரு வீடாகப் போய், படங்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கையில் கொடுத்து, அவர்கள் கண்முன்னாலேயே அழித்துக் காட்டினாள். அப்படியும் கணக்கு நாற்பத்துமூன்றில் நின்றுவிட்டது. இன்னும் பதினேழு வேண்டும். வியாழக்கிழமையும் வந்தாயிற்று. வாங்கினதெல்லாம் நகையை அடகு வைத்த பணம் என்று லூர்தம்மாள் சொன்னாள். இஞ்ஞாசி அன்று மீன்கறியை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெஸ்மி சாலையைத் தாண்டி வந்தாள். அவருடைய படியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. நாலு குழல்விளக்கையும் டிவியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாமா, பரண்ல இருபத்திரண்டு செட்டு இரிக்காம்லா. மாமி சொன்னா," என்றாள்.

இஞ்ஞாசி துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். "எனக்க கடையில சரக்கு..."

"தங்காது. தெரியும். ஊருல யாருட்டயும் நான் சொல்லமாட்டேன். பின்வாசல் வழியா எடுத்துக்கிடுகேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "மாமா சொன்னது உள்ளதுதான். அழிச்சாலும் போட்டோ திரும்ப வரும். கம்பெனி சாரும் அதத்தான் சொன்னாரு. பெட்டி பொட்டிக்காத பீஸு கெடச்சா அதுதான் ஒண்ணாங்கிளாஸாம். ஒருத்தருக்க படமும் அதுக்குள்ள போயிருக்காதுலா."

அவள் குரலில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இஞ்ஞாசிக்குப் பிடிபடவில்லை. அதுவே ஒரு குத்தலாக இருந்தது. அவள் கெஞ்சுவாள் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தார். என்ன சொல்லிக் கெஞ்சுவாள், தான் என்ன சொல்லி மறுக்கவேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தார். இப்போது விலை ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது.

"பீசுக்கு நாலாயிரம்," என்றார். கம்பெனி தருகிற விலை. பதினேழிலும் அவளுக்கு ஒரு பைசா மிஞ்சாது. பேட்டரிக் காசுகூடக் கையைக் கடிக்கும்.

"செரி," என்றாள் ஜெஸ்மி.

"குறைக்கச் சொல்லாண்டாமா?"

"எதுக்கு மாமா? நாற்பத்துமூணுல எனக்கு வேண்டியது கெடச்சாச்சு. ஒம்பது வருசத்துல பேட்டரி வீங்கியிருக்கும், அத நான் புதுசு போட்டுக்கிடுகேன். மூணு மாசத்துக்கொருக்கா இந்த அறுபதையும் பழுது பாத்துக் குடுக்குத வேலையும் எனக்குத்தான்."

லூர்தம்மாள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, இஞ்ஞாசியே பரணில் ஏறிப் பெட்டிகளை இறக்கினார். வேறு யாரும் பார்க்கக்கூடாதல்லவா. ஜெஸ்மி ஒரு பெட்டியைப் பிரித்து, நகத்தால் செல்போனின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு கைரேகைகூட இல்லை. "கொள்ளாம், நல்ல பீஸு," என்றாள். பதினேழைப் பையில் அடுக்கினாள். மீதி ஐந்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பிறகு கைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டை எடுத்தாள். இஞ்ஞாசி கையை நீட்டினார். ஒவ்வொரு நோட்டாக, சத்தமாக எண்ணி வைத்தாள். நூறு தாண்டியபோது உள்ளங்கை கொள்ளாமல் இஞ்ஞாசி மற்றக் கையையும் கீழே கொடுத்துத் தாங்கினார். நூற்றுமுப்பத்தாறு. அறுபத்தெட்டாயிரம். "பாத்துக்கிடுங்க மாமா," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டி, பின்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

பணம் முழுவதும் வந்துவிட்டது. இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல இஞ்ஞாசியின் இரண்டு கைகளும் விரிந்தபடியே நீண்டிருந்தன.