ஒரு கண்ணுக்கு மட்டும் மை

சீவலம்மா என்பது ஆய்வகத்தில் வைத்த பெயர். செல்களைச் சீவுவது அவள் வேலை. ஏதாவது ஓர் உயிரின் திசுவைத் துளியளவு எடுத்து, பிசினில் ஊறவைத்து, சூட்டில் கல்லாக இறுகவைத்து, அந்தக் கல்லை வைரக் கத்தியில் சீவித் தருவாள். ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆயிரம் தோலாக உரித்தால் அதில் ஒன்று எவ்வளவு மெல்லிசாக இருக்குமோ அவ்வளவு மெல்லிசு. அந்தச் சீவலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் வைத்து எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுவார்கள். கற்றை பட்ட இடத்திலிருந்து எக்ஸ் கதிர் கிளம்பும். அங்கே இருப்பது இரும்பா, துத்தநாகமா, கால்சியமா என்று அந்தக் கதிர் காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கோட்டில், அந்தந்த உலோகத்துக்கு உரிய இடத்தில் ஒரு முனை எழும்பும்.

இத்தனை நுணுக்கமான கைக்கு வீட்டில் ஒரு கேரட்டை ஒழுங்காக நறுக்க வராது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்ததும் நாத்தனார் ஒரு துண்டைக் கரண்டியால் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். "இதைத்தான் நாள் பூரா அங்க பண்றியா? இந்தச் செக்‌ஷன்ல எந்தக் கதிரும் நுழையாதே!"

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தம்பி வீட்டில் மாடி அறையில் இருப்பவர். பவுடர்கூடப் போட மாட்டார். வகுப்பில் எந்தப் பெண்ணாவது உதட்டுச் சாயமோ கண்மையோ கொண்டுவந்தால் பறிமுதல்தான். அவருக்கும் சீவலம்மாவுக்கும் இடையே சண்டை என்று எதுவும் நடந்ததில்லை. சண்டை போட்டாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். வருஷக்கணக்காகக் கேரட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டால் மனிதர்கள் என்னதான் ஆவார்கள், சொல்லுங்கள்.

இந்த வேலையில் வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிக்கிற சமாச்சாரம் ஒன்று உண்டு. சீவிய துண்டுகள் கத்திக்குப் பின்னாலிருக்கும் குட்டித் தொட்டியில் தண்ணீரின் மேல் மிதக்கும். அவற்றை ஓரமாக ஒதுக்கி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான செம்பு வலையில் ஏந்த வேண்டும். ஊசியால் தொட்டால் கிழிந்துவிடும், தூரிகையால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று உலகத்தில் இருக்கிற ஒரே நல்ல கருவி இமைமுடிதான். ஒரு குச்சியின் நுனியில் அதை நகச்சாயத்தால் ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது. கோடிக்கணக்கில் விலை போகும் மெஷின் ஒரு பக்கம், இமைமுடி ஒரு பக்கம்.

அதனால் சீவலம்மா யாரைப் பார்த்தாலும் முதலில் இமையைத்தான் பார்ப்பாள். பேருந்தில் எதிர் இருக்கைக்காரர்கள் தப்பாக நினைத்து இடம் மாறி உட்கார்ந்ததும் உண்டு. அவளுடைய சொந்த இமை கட்டை. கணவனுடையது சுருட்டை; அதிலும் அவர் பிடுங்கும்போது தும்முவார். ஆனால் நாத்தனாரின் இமைமுடி! நீளம், நேர்த்தி, நுனியில் கூர்மை. கேரட்டுக்கு வசவு வாங்கும்போதெல்லாம் சீவலம்மா தலையைக் குனிந்துகொண்டு அந்த இமைகளைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பாள். கேட்க மட்டும் நாக்கு எழாது.

ஒருநாள் அவளிடமிருந்த கடைசி நல்ல முடியும் ஒடிந்தது. பெரிய சார், அதாவது ஆய்வகத் தலைவர், மண்புழுவின் குடல் செல்களில் எந்த உலோகம் எங்கே சேர்கிறது என்று வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் அதற்கான முக்கியமான சீவல். சாப்பாட்டு மேஜையில் சீவலம்மா கணவனின் இமையைப் பிடித்து இழுக்க, அவர் தும்ம, மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தார்.

"என்ன கூத்து இது?"

கணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். நாத்தனார் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த இடுக்கியை எடுத்துச் சட்டென்று ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினார்.

"இது ஆகுமா பாரு."

சீவலம்மா அங்கேயே உட்கார்ந்து குச்சியில் ஒட்டினாள். ஒட்டியதும் ஸ்பிரிட்டில் முக்கிக் கழுவ வேண்டும். அது தவறவே கூடாத விதி. ஸ்பிரிட் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் மனசாரக் கொடுத்த முதல் பொருள் அது. அதை அவர் கண்ணெதிரிலேயே எப்படிக் கழுவுவது? என் முடி என்ன அழுக்கா என்று கேட்டுவிட்டால்? சீவலம்மா பாட்டிலை மெல்ல ஒதுக்கி வைத்தாள். மறுநாள் ஆய்வகத்தில் முடியின் அழகில் மயங்கி, கழுவ வேண்டும் என்பதையே மறந்தாள்.

சீவல் பிரமாதமாக வந்தது. மெஷினில் வைத்தால் செல்லுக்குள் அங்கங்கே கரும்பொட்டுகள். கற்றையை ஒரு பொட்டின் மேல் நிறுத்தியதும் இரும்பின் முனை விறுவிறுவென்று எழும்பியது. பெரிய சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இரும்பும்மா! பொட்டலம் கட்டி வெச்சிருக்கு பாருங்க, இந்தப் புழு! யாருமே இங்க பார்த்ததில்ல!"

சேதி வீட்டுக்கு வந்தபோது நாத்தனாரைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, தபால்காரர், துணி தேய்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "என் முடி இல்லேன்னா இவங்க ஆராய்ச்சியே இல்ல." சாப்பாட்டு மேஜையில் அவரே கேரட் நறுக்கித் தந்தார். "குடு, உனக்குக் கை வலிக்கும்" என்றார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சீவலம்மா ஏங்கிய வார்த்தை அது.

சந்தோஷம் நீடிக்கவில்லை. பெரிய சார் ஆசைப்படுகிறவர்தான், ஏமாற்றுகிறவர் இல்லை. கட்டுரை எழுத உட்காருமுன் படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு படத்தின் ஓரத்தில், செல்லே இல்லாத வெறும் பிசினில், அதே கரும்பொட்டு. கற்றையை வைத்தால் அதே இரும்பு.

"வெறும் பிசினுக்கு ஏதும்மா இரும்பு?" என்றார். குரலில் காற்று இறங்கியிருந்தது. "தண்ணியா, கத்தியா, வலையா? எங்கேருந்தோ வந்து விழுந்திருக்கு. கண்டுபிடிங்க. கண்டுபிடிக்காம நான் ஒரு வரியும் எழுத மாட்டேன்."

சீவலம்மா தண்ணீரைச் சோதித்தாள், சுத்தம். கத்தியும் வலையும் சுத்தம். மிச்சமிருந்தது குச்சி. கழுவாத குச்சி. அழுக்கு என்றால் சரி, ஆனால் இரும்பு எப்படி? கண் இமையில் இரும்பு வர ஒரே வழி, இமைமுடிக்குப் பூசும் மஸ்காரா மையின் கருப்பு. அந்தக் கருப்பே இரும்பு ஆக்சைடுத் தூள்தான். ஆனால் நாத்தனாரா? மஸ்காராவா? ஊர் சிரிக்கும்.

கேட்டால் நாத்தனாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். இப்போதுதான் முளைவிட்ட உறவு அதோடு கருகிவிடும். கேட்காவிட்டால் பெரிய சாரின் மூன்று வருஷ உழைப்பு அந்தரத்தில் தொங்கும். படி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். கதவைத் தட்டினாள்.

"அண்ணி, தப்பா நினைக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான். அந்த முடியைக் கழுவணும், நான் கழுவல. நீங்க பார்த்துட்டிருந்தீங்க, கஷ்டமா இருந்துச்சு. இப்ப சீவல்ல இரும்பு வருது. நீங்க கண்ணுக்கு... ஏதாவது..."

மென்று விழுங்கினாள். நாத்தனாரின் முகம் கல்லாகிவிட்டது. பிறகு அவர் அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன உருளைக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"முதல்ல ஒரு பொண்ணுகிட்ட பறிமுதல் பண்ணினது. என்னதான் இருக்கு இதுலன்னு போட்டுப் பார்த்தேன். அது தீர்ந்துபோச்சு. அப்புறம் நானே வாங்கிட்டேன்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். "ராத்திரி கதவைச் சாத்திட்டுப் போட்டுக்குவேன். கொஞ்ச நேரம் பார்ப்பேன். கழுவிடுவேன். சரியாப் போகல போலிருக்கு."

"அண்ணி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சாருக்கு அழுக்குன்னு மட்டும்..."

"அழுக்கா?" டீச்சரின் குரல் திரும்பிவிட்டது. "என் முடி அழுக்குன்னு நீ போய்ச் சொல்லுவே, நான் கேட்டுட்டு இருப்பேனா? மைன்னா மைன்னு சொல்லு. அதுவும் சும்மா சொன்னா போதாது, நிரூபிக்கணும். மை போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு, ரெண்டையும் ஒப்பிடணும். கணக்கு டீச்சருக்கே பாடம் எடுக்காதே. நாளைக்கு நானே வர்றேன்."

மறுநாள் காலை ஆய்வகத்தின் நீளமான தாழ்வாரத்தில் நாத்தனார் நடந்து வந்தார். வலது கண்ணில் அடர்த்தியாக மஸ்காரா. இடது கண் சோப்புப் போட்டுக் கழுவிப் பளிச்சென்று வெறுமையாக. காவலாளி எழுந்து நின்று, எந்தக் கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்வது என்று தெரியாமல் விழித்தார். கணவர் பேருந்து நிறுத்தத்தோடு கழன்றுகொண்டிருந்தார்.

வலது கண்ணிலிருந்து ஒரு முடி, இடது கண்ணிலிருந்து ஒரு முடி. இடது கண் முடியை அவரே ஸ்பிரிட்டில் முக்கினார். இரண்டு குச்சிகள். உயிரின் வாடையே படாத வெறும் பிசினைச் சீவலம்மா சீவி, ஒரு தொகுப்பை ஒரு குச்சியால் ஒதுக்கினாள், இன்னொன்றை இன்னொரு குச்சியால். பின்னால் நின்று பார்த்தவர் கேரட்டைப் பழித்த நாத்தனார். ஆனால் ஒரு சீவல்கூடத் தடிமனாக வரவில்லை.

திரையின் முன் மூவரும் நின்றார்கள். கழுவிய முடி தொட்ட சீவல்: வலையின் செம்பைத் தவிர ஒன்றுமில்லை. மை முடி தொட்ட சீவல்: கரும்பொட்டு. கற்றையை அதில் வைத்ததும் அதே இரும்பு.

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "மூணு வருஷமா தேடி, கடைசில மண்புழுவுக்கு மை போட்டு விட்டிருக்கோம்மா!" சிரித்து முடித்ததும் நாத்தனாரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "மானத்தைக் காப்பாத்திட்டீங்க. இதை நான் கட்டுரையா எழுதியிருந்தா ஆயுசுக்கும் தலைகாட்ட முடியாது." அதோடு விட்டிருக்கலாம். விஞ்ஞானி அல்லவா, கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. "யாரும் பார்க்காதபோதுதான் போட்டுக்குவேன்னு சொன்னீங்களே. அப்ப எதுக்கு..."

"யாரும் பார்க்கலேன்னு யார் சொன்னா?" என்றார் நாத்தனார். "நான் பார்க்கிறேன்ல."

சீவலம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக இந்த முகத்தில் இமைமுடியைத் தவிர வேறொன்றும் பார்த்ததில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கிளம்புமுன் நாத்தனார் கழிவறைக்குப் போனார். வலது கண்ணைக் கழுவிவிட்டு வருவார் என்றுதான் சீவலம்மா நினைத்தாள். திரும்பி வந்தபோது இரண்டு கண்ணிலும் மை இருந்தது.

"நல்லா இருக்கு அண்ணி."

"தெரியும்," என்றார் நாத்தனார். "ஆனா இனி என் முடி உனக்கு ஆகாது. வேற ஆளைப் பாரு."

அன்று மாலையே காவலாளியின் நாய்க்கு ஒரு பிஸ்கட் லஞ்சம் கொடுத்து, அதன் இமையை இரண்டு பேரும் சேர்ந்து பரிசோதித்தார்கள். பரவாயில்லை ரகம்.

இரவுச் சாப்பாட்டில் கணவர் அக்காவின் கண்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்து, மனைவி முறைத்ததில் சோற்றைப் பார்த்துக்கொண்டார். கேரட்டைச் சீவலம்மாதான் நறுக்கியிருந்தாள், தடிதடியாக இருந்தது. நாத்தனார் ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடிக்காமல், வாயில் போட்டு மென்றார்.