சிமித்தேரோ

பலெர்மோ, நவம்பர் 1994. இன்று இறந்தோரின் நாள். மொண்டெல்லோ போகும் வழியில், கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நெரிகிறது. மன்னாரைச் சேர்ந்த ஜெசிந்தா ஒரு பளிங்குக் கல்லறையைத் தேய்த்துக் கழுவுகிறாள். அவள் வேலை செய்யும் வீட்டு எஜமானி சிஞ்ஞோராவின் கணவர் அதில் இருக்கிறார். முழங்கால் வலியோடு சிஞ்ஞோரா காரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஊர் சுற்றிப் பார்க்க வந்த நான் தமிழில் பேசியதும் ஜெசிந்தா வாசல் பலகையைக் காட்டிக் கேட்கிறாள்: “சிமித்தேரோ எண்டால் என்ன கருத்து, அண்ணை? நாங்கள் சேமக்காலை எண்டுதான் சொல்லுறது.”

படித்ததைக் கொட்ட ஆள் கிடைத்த உற்சாகம் எனக்கு. “கிரேக்கர்கள் படுக்கையறைக்கு வைத்த பெயர். உறங்கும் இடம். இங்கிலீஷ், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எல்லாவற்றிலும் இதே சொல்தான், கொஞ்சம் மாறியிருக்கும். செத்தவர்கள் தூங்குகிறார்கள் என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் நம்பினார்கள்.”

அவள் தலையாட்டிவிட்டுச் சாமந்திப் பூக்களை அடுக்கி, மெழுகுதிரி கொளுத்துகிறாள். பையில் இன்னொரு திரி இருக்கிறது.

“அது யாருக்கு?”

“தம்பிக்கு. இந்தியாவுக்கு எண்டு போட்டிலை வெளிக்கிட்டவன். கரை சேரேல்லை. உடம்பும் கிடைக்கேல்லை.”

கடல் பக்கத்து மதிலில் அந்தத் திரியை ஏற்றி வைக்கிறாள். அதைப் பார்த்தபடியே கேட்கிறாள்:

“அப்ப அவன் இன்னும் நித்திரை கொள்ளேல்லை, என்ன அண்ணை?”